நெரிசலுக்கு எது: டார்க் கன்வெர்ட்டரா, ட்ரை (உலர்) கிளட்ச் டிஎஸ்ஜியா?

நான் வண்டி எடுத்தபோது ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், டைகுன் இரண்டிலும் 1.0 லிட்டர் எஞ்சினோடு 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியே கடத்தும் ஆட்டோமேட்டிக்) வந்தது, 1.5 லிட்டர் எஞ்சினோடு 7 கியர் டிக்யூ200 டிஎஸ்ஜி (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்) வந்தது. நான் எடுத்தது முதலாவது. கியர் மாறும் வேகத்தில் டிஎஸ்ஜிதான் கெட்டி, அதில் வாதமே இல்லை. நான் பார்த்தது நகர நெரிசலில் கிளட்ச் படும் பாட்டை.

இரண்டிலும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஆக்சிலரேட்டர் நிலை, ஷாஃப்ட் வேகம், சூடு எல்லாவற்றையும் படித்து சோலனாய்டுகளுக்கு (மின்சாரத்தில் இயங்கும் வால்வுகள்) கரன்ட் விடுகிறது. அவை ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிட, உரிய கிளட்ச் பிடிக்கிறது. வித்தியாசம் வண்டி ஊரும்போதுதான். டார்க் கன்வெர்ட்டரில் வழுக்கல் ஆயிலுக்குள் நடக்கிறது, சூட்டை ஆயிலே கூலருக்குக் கொண்டுபோகிறது. வேகம் பிடித்ததும் லாக்கப் கிளட்ச் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டிக்கொள்ளும், வழுக்கல் நின்றுவிடும்.

டிக்யூ200-இல் ஊரும்போது தேய்வது 1, 3, 5, 7 கியர்களுக்கான கிளட்ச். ஆயிலில் நனையாத கிளட்ச், சூடேறினால் நடுக்கம் தொடங்கும். மேட்டில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் சீக்கிரமே எரிந்துபோகும். போதாததற்கு மெக்கட்ரானிக் யூனிட் (கம்ப்யூட்டரும் வால்வுகளும் சேர்ந்த பகுதி): ஆயில் அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் பொருந்தும் இடத்தில் விரிசல் விட்டு ஆயில் கசிந்தால் அழுத்தம் நிற்காது, கம்ப்யூட்டரில் பி17பிஎஃப் என்ற பழுதுக் குறியீடு விழும், வண்டி நகராது. 2013-இல் இதே கியர்பாக்ஸுக்கு உலகளவில் ரீகால் நடந்தது. சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். நான் சொல்வது பெரும்பாலும் பழைய போலோ, வென்டோ பெட்டிகளை வைத்து, 1.5-இல் அதிகம் ஓடிய வண்டிகளை அவ்வளவாகப் பார்த்ததில்லை.

டார்க் கன்வெர்ட்டருக்கு ஆயில்தான் உயிர். 'லைஃப்டைம் ஆயில்' என்ற பேச்சை நம்ப வேண்டாம், நெரிசல் ஓட்டத்துக்கு 60,000 கி.மீ.யில் மாற்றுவது நல்லது. ஆயிலை வடிக்கும் பிளக்கைத் திறந்தால் பாதிதான் இறங்கும், மீதி கன்வெர்ட்டருக்குள் நிற்கும். அதனால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றச் சொல்லுங்கள். அளவு பார்க்க வண்டி மட்டமான தரையில், எஞ்சின் ஓட, ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; சூட்டை ஸ்கேனரில்தான் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பார்க்க முடியும். குறைந்தால் பம்ப் காற்றை இழுத்து கிளட்ச் வழுக்கும், கூடினால் ஆயில் நுரைக்கும். சீரான வேகத்தில் போகும்போது சில நொடிகள் அதிர்ந்து அடங்கினால் முதல் சந்தேகம் பழைய ஆயில் மேல் போகட்டும், கன்வெர்ட்டரைக் கழற்றுவது அப்புறம்.

ஹைவே ஓட்டமே அதிகம் என்றால் டிஎஸ்ஜி எடுக்கலாம். நெரிசலில் இடைவெளி விட்டு நின்று, ஒரே மூச்சில் நகருங்கள். கிளட்ச் மாற்றினால், ஸ்கேனரில் பேசிக் செட்டிங் (புது கிளட்ச்சைக் கம்ப்யூட்டருக்குப் பழக்குவது) முடிக்காமல் வண்டியை எடுத்துவராதீர்கள்.