இன்சூரன்ஸ் கிளெய்ம்ல கார் விட்டிருக்கீங்களா? டெலிவரி எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

34,600 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது தனி, இது என் கையில இருந்து கட்டின காசு. அதுக்கு எனக்குக் கிடைச்சது பட்டி தடவின பழைய டோர்.

கோயம்புத்தூர்ல திருச்சி ரோட்டுல, சிங்காநல்லூர் தாண்டி ஒரு டெம்போக்காரன் இடது பக்கம் இடிச்சு இழுத்துட்டுப் போயிட்டான். முன் டோர், ஃபெண்டர், ஹெட்லைட், பம்பர் எல்லாம் போச்சு. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. இன்சூரன்ஸ்ல கேட்டா, "எங்க லிஸ்ட்ல இருக்கற ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டு போங்க சார், கேஷ்லெஸ், ஒரு பிரச்சினையும் வராது"ன்னாங்க. எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கற பெரிய ஒர்க்‌ஷாப் அது. பேரு இப்ப போடலை, விஷயம் நுகர்வோர் கமிஷனுக்குப் போகப் போகுது.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் அனுப்பின சர்வேயர் என் கண்ணு முன்னாடிதான் பார்த்தாரு. டோரைத் திறந்து மூடிப் பார்த்துட்டு, "ஓரம் மடங்கியிருக்கு, தட்டினா சரியா உக்காராது, புதுசு போட்டுடுங்க"ன்னு சொல்லி எஸ்டிமேட்லயும் எழுதினாரு. அவர் போனதும் ஒர்க்‌ஷாப்போட சர்வீஸ் அட்வைசர் என் தோள்ல கை வெச்சு, "நம்ம சொந்த வண்டி மாதிரி பார்த்துத் தர்றேன்ங்ணா, நீங்க நிம்மதியா போங்க"ன்னான். அந்தப் பேச்சை நம்பித்தான் சாவியைக் கொடுத்தேன்.

வண்டி ரெடின்னு கூப்பிட்டப்போ பொழுது சாஞ்சிருச்சு. ஷெட்டுக்குள்ள மங்கல் வெளிச்சம். பில்லோட இன்னொரு பேப்பரை நீட்டி, "இதுல கையெழுத்து போட்டாத்தான் கேட் பாஸ் வரும்ங்ணா, ஃபார்மாலிட்டிதான்"னாங்க. வேலை திருப்தியா முடிஞ்சுதுன்னு நாம எழுதிக் கொடுக்கற சேட்டிஸ்ஃபேக்‌ஷன் வவுச்சர் அது. வண்டியைச் சுத்தி வந்து பார்க்கக்கூட விடலை, பின்னாடி வேற வண்டி நிக்குதுன்னு விரட்டினாங்க.

கணக்கையும் சொல்லிடறேன். என் வண்டிக்கு மூணு வயசு முடிஞ்சு நாலாவது ஓடுது, தேய்மானம் கழிக்காம கொடுக்கற ஜீரோ டெப் பாலிசி கிடையாது. புது பார்ட் போட்டா இரும்புச் சாமானுக்கு 25 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம் தேய்மானம்னு நம்ம தலையில விழும். கிளெய்ம்ல நாம கட்டாயம் போட வேண்டிய பங்கு, கம்பல்சரி டிடக்டிபிள், 1,000. சர்வேயர் பாஸ் பண்ணாததுன்னு இன்னும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 34,600. விதி அது, அதுல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா போடாத புது டோருக்கு நான் எதுக்குய்யா தேய்மானம் கட்டணும்?

ஆமா, டோரை மாத்தவே இல்லை. முதல் மழைக்கே ஹெட்லைட்டுக்குள்ள தண்ணி முத்து முத்தா நின்னுச்சு. டோர் அடியில பெயிண்ட் கொப்புளம் கிளம்புச்சு. எங்க ஏரியாவுல ரொம்ப வருஷமா டிங்கரிங் பண்ற அண்ணன் ஒருத்தர்கிட்ட காட்டினேன். சின்னக் காந்தம் ஒண்ணைத் துணியில சுத்தி டோர்ல வெச்சாரு. மேல கப்புன்னு ஒட்டுச்சு. கைப்பிடிக்குக் கீழே கொண்டு வந்தா வழுக்கிக் கீழே விழுது. விரலால தட்டினா தகரச் சத்தமே வரலை, மொத்து மொத்துன்னு கேக்குது. "பூரா பட்டி தம்பி"ன்னாரு. உள் லைனிங்கைக் கழட்டினா, டென்ட் இழுக்கறதுக்குப் போட்ட ஓட்டைங்க வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணையும் சுத்தித் துரு. பில்லுல "ஃப்ரண்ட் டோர் லெஃப்ட், நியூ, 1"ன்னு இருக்கு!

அட்வைசர்கிட்ட கேட்டா, "வெயில்ல நிறுத்துங்ணா, ஈரம் போயிடும்." அப்புறம் அவன் லீவு. அப்புறம் வேற பிராஞ்சுக்கு மாறிட்டானாம். மேனேஜர், "பணம் கொடுத்தது இன்சூரன்ஸ், அவங்களைக் கேளுங்க"ங்கறாரு. நான் கட்டின 34,600 அவருக்குப் பணமாவே தெரியலை. இன்சூரன்ஸ்ல, "நீங்கதான் திருப்தின்னு கையெழுத்து போட்டுட்டீங்களே சார், கிளெய்ம் க்ளோஸ் ஆயிடுச்சு"ன்னு போனை வெச்சுட்டாங்க. கழட்டின பழைய டோர் சால்வேஜ்ல, அதாவது கழிவுச் சாமான் கணக்குல போயிருக்கணுமே, அது எங்கேன்னு கேட்டேன். யாருகிட்டயும் பதில் இல்லை. இதுல, கிளெய்ம் பண்ணாம இருந்ததுக்கு பிரீமியத்துல 35 சதவீதம் தள்ளுபடியா வந்துட்டிருந்த நோ கிளெய்ம் போனஸும் போச்சு, அடுத்த ரெனியூவல்ல முழு பிரீமியம் கட்டணும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பகல்ல மட்டும் டெலிவரி எடுங்க, பாக்கெட்ல ஒரு காந்தம் இருக்கட்டும். கழட்டின பார்ட்ஸைக் காட்டச் சொல்லி போட்டோ எடுங்க. சர்வே ரிப்போர்ட் காப்பி வாங்கி பில்லோட வரிக்கு வரி ஒப்பிடுங்க. வவுச்சர்ல கையெழுத்து போட்டே ஆகணும்னு நின்னா, "வேலையைச் சரிபார்க்க விடலை"ன்னு கையாலயே எழுதிட்டுப் போடுங்க. இன்சூரன்ஸ் கம்பெனி மேல புகார்னா முதல்ல அவங்க குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல கொடுங்க, அப்புறம் ஐஆர்டிஏஐயோட (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) பீமா பரோசா புகார் போர்ட்டல், அப்புறம் இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற ஓம்பட்ஸ்மேன். ஒர்க்‌ஷாப் மேலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நாம கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது.

நான் போட்டோ, பில், எஸ்டிமேட் எல்லாத்தையும் வெச்சு புகார் எழுதிக் கொடுத்துட்டேன். 34,600 திரும்ப வர்ற வரைக்கும் விடறதா இல்லை.