எடை கூடாமல் வலிமை: பத்து முறையா, மூன்று முறையா?

டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, கம்பியை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115 கிலோவைத் தூக்கினார். எடைப் பிரிவுக்குள் நிற்க வேண்டியவர்கள், தசையைப் பெருக்கும் பயிற்சியையும் வலிமையைக் கூட்டும் பயிற்சியையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

100 கிலோவைத் தோளில் சுமந்து ஒருமுறை மட்டும் உட்கார்ந்து எழக்கூடியவர், ஜிம் வழக்கப்படி 70 கிலோவில் பத்துப் பத்தாக நான்கு செட் (ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) செய்தால், மொத்தம் 40 முறை. தொடை எரியும், போதிய உணவும் சேர்ந்தால் தசை பருக்கும்.

அவரே 85 முதல் 90 கிலோவில் மும்மூன்றாக ஐந்து செட் செய்தால், மொத்தம் 15 முறைதான். இங்கே எரிச்சல் குறைவு. ஆனால் மூன்றாம் முறை எழும்போது கம்பி பாதி வழியில் தயங்குவதை உணரலாம். ஏற்கெனவே உள்ள தசை நார்களை ஒரே நேரத்தில் கூடுதலாக இயக்க நரம்பு மண்டலம் பழகுவதால், உடல் எடை ஏறாமலே வலிமை கூடுகிறது. செட்டுகளுக்கிடையே மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வு அவசியம். பொறுமையில்லாதவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

எடைப் பிரிவு வீரருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். புதியவர்கள் மட்டும், அசைவுகள் பிசகின்றிப் படியும் வரை, இலகுவான எடையில் தொடங்குவது நல்லது. எதைத் தேர்ந்தாலும், செலவழிப்பதைவிட அதிகமாகச் சாப்பிட்டால் தராசு ஏறவே செய்யும்.