லாவெண்டர் போன பிறகு மிஞ்சுவது: அஸாரோ சென்ட்டா, கரோன் சென்ட்டா?

சென்ற மாதம் சென்ட் பாட்டில் தீர்ந்ததும் அடுத்தது எதை வாங்குவது என்ற பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. லாவெண்டரை மையமாக வைத்த ஆண்களுக்கான வாசனைகளில் என் அலமாரியில் கடந்த பத்து ஆண்டுகளாக மாறி மாறி இடம்பிடித்தவை இரண்டு. ஒன்று 1934-இல் வந்த கரோன் நிறுவனத்தின் ‘பூர் அன் ஓம்’. மற்றது 1978-இல் வந்த ‘அஸாரோ பூர் ஓம்’. இம்முறையும் நான் அஸாரோவைத்தான் எடுத்தேன். எனவே இது நடுநிலையான தீர்ப்பு அன்று. எடுத்த முடிவுக்கான காரணத்தைச் சொல்லும் அலசல் என்றே வாசிக்க வேண்டும்.

விலை, கிடைப்பது, பாட்டிலின் தோற்றம் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அஸாரோ மலிவு, எங்கும் கிடைக்கும், தள்ளுபடியும் அடிக்கடி உண்டு. கரோன் விலை கூடியது, தேடித்தான் வாங்க வேண்டும், மேசைமேல் வைத்தால் பார்க்க அழகு. இரண்டுமே ஓ த துவாலெட் எனப்படும் மிதமான செறிவு வகை என்பதால் செறிவில் பெரிய வேறுபாடு எதிர்பார்க்க வேண்டியதில்லை. மூன்றாவதாகப் பலர் 1982-இல் வந்த ‘த்ரக்கார் நுவா’ரையும் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அதில் லாவெண்டரை முந்திக்கொண்டு டைஹைட்ரோமிர்செனால் என்ற செயற்கைப் பொருள் கூர்மையாக வந்து நிற்கிறது. அதே பொருள் பிற்பாடு சலவைத் தூள்களிலும் குளியல் சோப்புகளிலும் புகுந்துவிட்டதால், இன்று த்ரக்காரை முகர்ந்தால் எனக்குத் துவைத்துக் காயப்போட்ட துணிதான் நினைவுக்கு வருகிறது. யார்ட்லியின் லாவெண்டரோ எளிமையும் நேர்மையும் உள்ள சரக்கு. ஆனால் வீட்டுப் படி இறங்குவதற்குள் போய்விடும்.

அப்படிப் போய்விடுவதுதான் இந்த அலசலின் மையம். லாவெண்டர் நிலைத்து நிற்காத வாசனை. அதன் எண்ணெயில் பெரும்பங்கு லினலூலும் லினலைல் அசிடேட்டும்தான்; லினலூல் 198 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள், ஆகவே தோலின் சூட்டிலேயே விரைவாக ஆவியாகிவிடும். வெண்ணிலாவின் வாசனைக்கு மூலமான வெண்ணிலினும், டோங்கா விதையில் உள்ள கூமரினும் முந்நூறு டிகிரியை ஒட்டிக் கொதிப்பவை. அவை மணிக்கணக்கில் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே லாவெண்டர் சென்ட் ஒன்றை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது முதல் அரைமணி நேர லாவெண்டரையும், அதன்பின் ஐந்தாறு மணி நேரம் உடம்பில் தங்கும் வேறொரு வாசனையையும்தான். கடையில் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்துவிட்டு முடிவெடுக்கிறவர்கள் அந்த அரைமணியை மட்டுமே பார்க்கிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் கரோனை வாங்கினேன்.

அந்த அரைமணியில் கரோனுக்கு நிகரில்லை என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். பிரான்ஸின் ஓத் புரோவான்ஸ் மலைப்பகுதியில் விளையும் அசல் லாவெண்டர் ஒரு வகை. தாழ்ந்த சமவெளிகளில் கூடுதல் மகசூலுக்காகப் பயிரிடப்படும் லாவண்டின் என்ற கலப்பினம் இன்னொரு வகை. லாவண்டினில் கற்பூரத்தின் பங்கு கூடுதல் என்பதால் அது மூக்கில் சற்று மருந்துபோல ஏறும். மலை லாவெண்டர் எண்ணெய்க்கு 1981 முதல் பிறப்பிடச் சான்று உண்டு. கரோனின் முதல் வீச்சு எனக்கு எப்போதும் அந்த மலை வகையின் பக்கமே படுகிறது: மென்மையாக, லேசான இனிப்போடு, பூவும் தண்டும் சேர்ந்து கசங்கிய வாசனை. அஸாரோவின் லாவெண்டர் அந்த அளவுக்குத் தனித்து நிற்பதில்லை. முதல் நொடியிலிருந்தே சோம்பும் துளசி இனமும் எலுமிச்சையும் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு வருகின்றன. லாவெண்டரை மட்டும் அதன் தூய வடிவில் விரும்புகிறவர்கள் இதற்குமேல் வாசிக்காமல் கரோனை வாங்கிக்கொள்ளலாம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அரைமணி கழிந்ததும் இரண்டும் இரண்டு திசையில் போகின்றன. கரோனை நிறுவிய எர்னஸ்ட் தால்த்ரோஃப், அக்காலத்து ஆண்கள் குளித்துவிட்டுத் தடவிக்கொண்ட சாதாரண லாவெண்டர் நீரை எடுத்து, அது பறந்துபோகாமல் இருக்க அடியில் வெண்ணிலாவை வைத்தார். ஆண்களுக்கென்றே பெயரிட்டு விற்கப்பட்ட வாசனைகளில் அது முன்னோடி என்பதும், அந்தக் காலத்தில் அது துணிச்சலான யோசனை என்பதும் உண்மை. அஸாரோவின் பரம்பரை வேறு. 1882-இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் போல் பார்க்கே உருவாக்கிய ‘ஃபூஜேர் ரோயால்’ என்ற வாசனையிலிருந்து தொடங்கும் குடும்பம் அது. ஃபூஜேர் என்றால் பிரெஞ்சில் பெரணிச் செடி. பெரணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை ஏதும் கிடையாது என்பதால், இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து லாவெண்டர், கூமரின், ஓக் மரப்பாசி மூன்றையும் கோத்தார். அஸாரோ அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, நடுவே ஒரு மளிகைக் கடையையே திறந்துவிட்டது.

மளிகைக் கடை என்று சொல்வது கேலிக்காக அன்று. சோம்பு, சீமைச்சோம்பு, ஏலக்காய், துளசி இனம் என்று நம் அடுக்களையில் பாதிப்பேரை இதில் சந்திக்கலாம். மசாலாவையும் லாவெண்டரையும் சேர்ப்பது வெறும் அலங்காரமும் அன்று. லாவெண்டரில் உள்ள அதே லினலூல் நம் தனியா எண்ணெயிலும் பெரும்பங்காக இருக்கிறது, ஏலக்காயிலும் துளசி இனங்களிலும் ஓரளவு இருக்கிறது. எனவே லாவெண்டர் மெல்ல விலகும்போது அதன் சாயல் கொண்ட இன்னொன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. எந்த நிமிடத்தில் லாவெண்டர் போனது என்று மூக்கால் கோடு கிழிக்க முடிவதில்லை. அதன்பின் அடியிலிருந்து மரம் எழுந்து வருகிறது. சந்தனமும் தேவதாருவும் பெயருக்கு உண்டு என்றாலும், என் தோலில் கடைசிவரை தங்குவது வெட்டிவேர்தான். உலக வாசனைத் தொழில் முழுவதும் அதை ‘வெட்டிவேர்’ என்ற தமிழ்ப் பெயரின் திரிந்த வடிவத்திலேயே அழைக்கிறது என்பது இங்கே சொல்லாமல் விட மனம் வராத செய்தி. ஓக் மரப்பாசி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு, செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியை வறுக்காமல் உள்ளங்கையில் கசக்கி முகரச் சொல்வேன். இரண்டும் வேறு வேறு இனங்கள் என்றாலும் இரண்டுமே பாறையிலும் மரத்திலும் படரும் பாசிக்காளான் வகை. அந்த ஈரமண், பட்டைமரம், லேசான மசி வாசனை இரண்டிலும் உண்டு.

இந்த வேறுபாடு எனக்கு ஏட்டளவில் விளங்கியதன்று. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி செல்சியஸ் பதிவாகி, நகரத்தின் பழைய வெப்பச் சாதனை முறிந்தது. அன்று காலை ஏதோ ஒரு நினைப்பில் கரோனை வழக்கம்போல நான்கு முறை அடித்துக்கொண்டு மெட்ரோவில் ஏறினேன். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் லாவெண்டர் முழுவதும் ஆவியாகிவிட்டது. மிச்சமிருந்த வெண்ணிலா வியர்வையோடு கலந்து கழுத்துப்பட்டையில் ஒட்டிக்கொண்டு, நேரம் ஆக ஆகக் கனத்தது. அலுவலகம் சேர்ந்ததும் கழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியும் சட்டையில் இருந்தது போகவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்த மனைவி, “என்னங்க, எங்கேயாவது பாயச அண்டாவுக்குள்ள விழுந்து எழுந்து வர்றீங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதற்கு மறுவாரம், வெயில் முப்பதை ஒட்டி இருந்த ஒரு நாளில் இடது முன்கையில் கரோனும் வலது முன்கையில் அஸாரோவும் இரண்டிரண்டு முறை அடித்துக்கொண்டு, மணிக்கொரு முறை முகர்ந்து ஒரு தாளில் குறித்து வைத்தேன். முதல் மணியில் இடது கைதான் அழகு. இரண்டாவது மணியில் இடது கையில் வெண்ணிலா முன்னால் வந்து, லாவெண்டர் அதன் பின்னால் நிழலாக நின்றது. வலது கையில் சோம்பு தணிந்து ஏலக்காயும் வெட்டிவேரும் தெரிந்தன. நான்காவது மணியில் இடது கை முழு இனிப்பாகிவிட்டிருந்தது. வலது கையில் உலர்ந்த மரம், பதப்படுத்திய தோல், அடியில் மெல்லிய கசப்பு ஆகியவையும், அவற்றுக்கிடையே எங்கோ ஒரு பச்சைச் சாயலும் மிச்சமிருந்தன. அதை லாவெண்டர் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் லாவெண்டரை மறக்கவிடாத ஏதோ ஒன்று. ஆறாவது மணியில் அஸாரோ ஏறக்குறைய அடங்கிவிட்டது. கரோனின் வெண்ணிலா இன்னும் இருந்தது. நீடிப்பு மட்டுமே கணக்கு என்றால் கரோன் வென்றது. எது நீடிக்கிறது என்பது கணக்கானால் எனக்கு அஸாரோ.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து டிகிரிக் குளிரில் கம்பளி மஃப்ளரில் ஒருமுறை அடித்துவிட்டால், கரோனின் லாவெண்டர் மெதுவாக, அவசரமில்லாமல் வெளிவருகிறது. வெண்ணிலா தன் எல்லைக்குள் அடங்கி, கம்பளியின் வெதுவெதுப்போடு சேர்ந்துகொள்கிறது. அதே குளிரில் அஸாரோவின் சோம்பு சற்று வெறுமையாக, கூர்மையாகத் தெரியும். நான் வாழும் இடத்தில் ஆண்டில் ஆறு மாதம் குளிர் என்றாலும், வாசனையை அதிகம் அடித்துக்கொள்வது வெளியே நடமாடும் வெயில் மாதங்களில்தான் என்பதால் தராசு அஸாரோவின் பக்கமே சாய்கிறது. என் சோதனை முழுவதும் பாரிஸின் உலர்ந்த வெப்பத்தில் நடந்தது. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் இரண்டில் ஒன்றையும் நான் அடித்துப் பார்த்ததில்லை. அங்கே அஸாரோவும் முகத்தில் அடிக்கலாம், ஆகவே அங்குள்ளவர்கள் என் சொல்லைப் பாதி விலைக்கே வாங்க வேண்டும்.

அஸாரோவுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. ஓக் மரப்பாசியில் இயல்பாக உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டு பொருள்களும் தோல் ஒவ்வாமையை உண்டாக்குபவை என்பதால், அவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடைசெய்தது; 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை உள்ள சரக்கை அங்கே விற்கவே கூடாது. அவற்றை நீக்கிச் சுத்திகரித்த பாசிச் சாறு இன்றும் பயன்படுகிறது. என்றாலும் பாசியை நம்பி நின்ற ஃபூஜேர் குடும்பம் முழுவதற்கும் அது அடிதான். பழைய அஸாரோவை அறிந்தவர்கள் புதியதை மெலிந்தது என்கிறார்கள். என் மூக்குக்கும் அடிப்பகுதி முன்பைவிட வெளிறித்தான் தெரிகிறது. வெண்ணிலாவை நம்பி நிற்கும் கரோனுக்கு இந்தத் தொல்லை குறைவு.

அந்தப் பழைய அடிப்பகுதியைத் தேடிப்போய் நான் சூடுபட்டதும் உண்டு. தனியார் விற்பனையாளர் ஒருவரிடமிருந்து, முத்திரை உடையாத பழைய அஸாரோ பாட்டில் என்று சொல்லப்பட்டதைப் புதியதன் விலையைப்போல் இரு மடங்கு கொடுத்து வாங்கினேன். முதல் பத்து நிமிடம் வந்தது நகப்பூச்சு நீக்கியின் நெடி. லாவெண்டரும் எலுமிச்சை இனங்களும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். லினலூல் அவ்வாறு மாறும்போது உருவாகும் பொருள்களால் சிலருக்குத் தோல் அரிப்பும் வரும். நெடி அடங்கிய பின் வந்த பாசி வாசனையும் பதப்படுத்திய தோலின் வாசனையும் உண்மையிலேயே செழிப்பாக இருந்தன என்பதை மறைக்கவில்லை. ஆனால் லாவெண்டர் செத்துப்போன லாவெண்டர் சென்ட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால் இப்போது புதிய பாட்டிலையே, அதுவும் 50 மில்லி அளவிலேயே வாங்குகிறேன். குளியலறையின் சூட்டிலும் ஈரத்திலும் வைக்காமல், துணி அலமாரியின் இருட்டில், அதன் பெட்டியோடு வைத்து, ஒன்றரை ஆண்டுக்குள் தீர்த்துவிடுகிறேன். பெரிய பாட்டிலில் மில்லிக்கு மில்லி மிச்சமாகும் காசு, கடைசிக் கால்பங்கின் லாவெண்டர் மங்கும்போது போய்விடுகிறது.

கரோனையும் நான் முழுக்கக் கைவிடவில்லை. பாதி தீர்ந்த பாட்டில் ஒன்று மஃப்ளர்களோடு மேல்தட்டில் இருக்கிறது, நவம்பரில்தான் இறக்குவேன். இரண்டில் எதை எடுப்பது என்று தயங்குகிறவர்கள் காலையிலேயே கடைக்குப் போய் முன்கைக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு, பணப்பையைத் திறக்காமல் வெளியே வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முகர்ந்து பார்க்கட்டும். எந்தக் கையை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோகத் தோன்றுகிறதோ அந்தக் கைக்குரியதை அதன்பின் வாங்கிக்கொள்ளலாம்.