தரங்கம்பாடி நடைச் சுற்று: ஒரே தெருவில் இரண்டு கோயில்

நான் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவள். வீட்டுக்காரர் திருச்சி, மார்ட்டின் லுத்தர் வழி வந்த லுத்தரன் சபைக்காரர். எங்கள் கல்யாணத்தில் எந்தக் கோயிலில் தாலி கட்டுவது, எந்த ஐயர் (எங்கள் வழக்கில் போதகர்) ஆசீர்வாதம் சொல்வது என்று இரண்டு பக்கத்துப் போதகர்களும் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். அப்பா ராத்திரியெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தரங்கம்பாடிக்குப் போகவேண்டும் என்ற ஆசை அப்போது வந்ததுதான்.

காலை ஆறரைக்குக் கோட்டை வாசலில் தொடங்கி இரண்டரை மணி நேரம் நடக்கிறோம். தலைக்கு 400 ரூபாய். கூட்டிப் போகிற தம்பி உள்ளூர்க்காரர். அவசரப்படுத்துவதில்லை. புதிய எருசலேம் ஆலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால், ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் கல்லறை அருகே, எங்களைப் பேசாமல் நிற்க விட்டார். அதற்கே காசு தகும்.

குறை ஒன்றுதான், ஆனால் எனக்குப் பெரிய குறை. ராஜ வீதியில் 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம் இப்போது சி.எஸ்.ஐ. அதே தெருவில் 1718-இன் புதிய எருசலேம் ஆலயம் லுத்தரன். ஏன் இன்னும் இரண்டு என்று ஒரு வார்த்தை கிடையாது. 1919 மே மாதம், பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்குவது பற்றிப் பேச இதே ஊரில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னின்றவர் எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் அசரியா. இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் மேல் வந்தவை என்று அறிக்கை எழுதினார்கள். அப்புறம் 28 வருஷம் பேச்சு. இழுபறியின் மையம் பிஷப் பதவி. சில சபைகளில் பிஷப் உண்டு, சிலவற்றில் இல்லை. பிஷப் தலையில் கை வைக்காமல் அபிஷேகம் பெற்று ஐயரானவரின் ஊழியம் செல்லுமா? மறுபடி அபிஷேகம் என்றால், இத்தனை நாள் அவர் கொடுத்த திருவிருந்து (நற்கருணை) பொய்யா? எவ்வளவு நோகடிக்கிற கேள்வி! கடைசியில் யாருக்கும் மறு அபிஷேகம் வேண்டாம், இனிமேல் வருகிறவர்களுக்கு பிஷப் கை வைக்கட்டும் என்று முடிவு செய்து, 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானார்கள். அப்படிப் பிறந்ததுதான் சி.எஸ்.ஐ. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945-இலேயே போய்விட்டார். லுத்தரன் சபை சேரவில்லை. முதலில் உபதேசத்தில் ஒத்துப்போகவேண்டும் என்பது அவர்கள் நிலை. பிறகும் பல வருஷம் உட்கார்ந்து பேசினார்கள், நிறையவே ஒத்தும் போனார்கள். ஆனாலும் சபைகள் இரண்டாகவே நின்றுவிட்டன.

இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னேன். "அக்கா, இத எனக்கு யாரும் சொல்லித் தரலையே" என்று அந்தத் தம்பி வருஷங்களைப் போனில் குறித்துக்கொண்டார்.

தாராளமாகப் போகலாம். தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. சீயோன் ஆலயத்திலிருந்து புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போகும்போது மட்டும் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரரும் நானும் அந்தத் தூரத்தைக் கைகோத்து இரண்டு தடவை நடந்தோம்.