வாட்ஸ்அப் இருக்கும்போது சிக்னல் எதற்கு? சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது சிக்னல் செயலியை நிறுவியவர்களில் எங்கள் குடும்பத்தினரும் உண்டு. அப்போது உடன் வந்த நண்பர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் திரும்பிவிட்டார்கள். நாங்கள் மட்டும் வீட்டுப் பேச்சுக்கு இன்றுவரை அதையே வைத்திருக்கிறோம்.

"வாட்ஸ்அப்பில் எழுதுவதை நிறுவனம் படிக்கும், சிக்னலில் படிக்க முடியாது" என்று பலரும் சொல்லக் கேட்கிறேன். அது சரியன்று. இரண்டிலும் செய்தியைப் பூட்டுவது சிக்னல் குழுவினர் உருவாக்கிய அதே மறையாக்க முறைதான். 2016 முதல் வாட்ஸ்அப்பின் தனிப்பட்ட உரையாடல்கள் அதன்படியே செல்கின்றன. வேறுபாடு செய்திக்கு வெளியே இருக்கிறது. யார், யாருடன், எந்த நேரத்தில், எத்தனை முறை பேசுகிறார் என்பதே ஒருவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். இரவில் புற்றுநோய் மருத்துவர் ஒருவருக்கும் மறுநாள் காலையில் காப்பீட்டு முகவருக்கும் செய்தி போயிருந்தால், உள்ளே எழுதியிருந்ததைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த ஒரு விசாரணைக்காகப் பயனர் விவரங்களைக் கேட்டு சிக்னலை நடத்தியவர்களுக்கு ஆணை வந்தது. கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைப்பில் இருந்த நேரம் ஆகிய இரண்டைத் தவிர அவர்களிடம் கொடுப்பதற்கு வேறெதுவும் இருக்கவில்லை. நான் இந்தச் செயலியை நம்புவதற்கு அதன் விளம்பரங்களைவிட அந்தப் பதிலே காரணம்.

அன்றாடப் பயன்பாட்டில் எனக்கு மிகவும் உதவுவது, தானாக மறையும் செய்திகள். வீட்டில் ஒருவருக்கொருவர் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், மருத்துவ அறிக்கை அனுப்பாத மாதமே இல்லை. அவை ஒவ்வொருவர் கைபேசியிலும் ஆண்டுக்கணக்கில் தங்குவது வீண் ஆபத்து என்பதால், குடும்பக் குழுவில் ஒரு வாரத்தில் எல்லாம் அழியுமாறு அமைத்திருக்கிறோம்; வேண்டியதை அதற்குள் சேமித்துக்கொள்கிறோம். பெறுபவர் திரையைப் படம்பிடித்தால் இந்த வசதி தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அழைப்புகளின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் சில கைபேசிகளில் மட்டும் செய்தி தாமதமாக வருகிறது. அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து சிக்னலுக்கு விலக்கு அளித்தால் சரியாகிவிடுகிறது.

பழைய உரையாடல்களைப் பாதுகாப்பதுதான் கடினமான பகுதி. ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் காப்புப் பிரதி கைபேசிக்குள்ளேயே எழுதப்பட்டது. அதைத் திறக்க 30 இலக்கக் கடவுஎண் வேண்டும், பிரதியை வேறிடத்துக்கு நகலெடுத்துவைப்பதும் பயனரின் பொறுப்பு. கைபேசி தொலைந்தால் பேசியதெல்லாம் போய்விடும் என்ற அந்த நிலைமை, பேரக்குழந்தைகளின் படங்களைச் சேர்த்துவைக்கும் பெரியவர்களுக்கு ஒத்துவராது. 2025-இல்தான் இணையக் காப்புப் பிரதி அறிமுகமானது. அதற்கும் 64 எழுத்துகள் கொண்ட மீட்புச் சாவி உண்டு. அதைத் தொலைத்தால் சிக்னல் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. பெற்றோருக்கு அமைத்துக்கொடுப்பவர்கள் அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைப்பது நல்லது.

வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டீர்களா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்பதே பதில். சென்னை மெட்ரோ பயணச்சீட்டையே அதில் எடுக்கிறோம். பள்ளியும் குடியிருப்போர் சங்கமும் அதில்தான் அறிவிப்பு அனுப்புகின்றன. எனவே ஊரோடு பேச ஒன்று, வீட்டோடு பேச ஒன்று என்று பிரித்துக்கொண்டோம். 2021-இல் எங்களோடு சிக்னலுக்கு வந்த நண்பர்களில், தெரிந்த எல்லாரையும் இழுத்து வர முயன்றவர்களே முதலில் சலித்துப் போனார்கள் என்பது என் கணிப்பு.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். சிக்னலை நடத்துவது லாப நோக்கமற்ற அறக்கட்டளை. வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2018-இல் அளித்த 5 கோடி டாலரில் அது தொடங்கப்பட்டது. 2023-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, பதிவின்போது எண்ணைச் சரிபார்க்க அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கே ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டாலர் ஆகிறது. விளம்பரமோ தரவு விற்பனையோ இல்லாமல் இது நடக்க வேண்டுமானால் பயன்படுத்துவோர்தான் கொடுக்க வேண்டும். நாங்கள் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை அனுப்புகிறோம்.

2024-இல் பயனர்பெயர் வசதி வந்த பிறகு, வீட்டு வேலைக்கு வரும் எலக்ட்ரீசியனிடமோ பழைய பொருள் வாங்க வருபவரிடமோ கைபேசி எண்ணைக் கொடுக்காமலே பேச முடிகிறது. ஆயினும் கணக்கு தொடங்க எண் இன்னும் கட்டாயமாக இருக்கிறது. அந்த ஒன்றையும் அவர்கள் நீக்கினால் மனநிறைவு அடைவேன்.