கார் ஏசிக்கு 38,400 ரூபாய் எஸ்டிமேட்: வேலூரில் மூன்று இடத்து விலையும் நியாயமும்

கம்பெனி சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் நியாயமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும் தொகையைத்தான் காட்டுகிறார்கள். அதை மட்டும் வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. அதே 38,000 ஒரு காருக்கு நியாயமாக இருக்கும், அடுத்த காருக்கு அநியாயமாக இருக்கும். இந்தப் பாகத்தை மாற்றியே ஆக வேண்டும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

என் மச்சான் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு தினமும் காரில் போய் வருகிறவர். ஏழு வருஷ பெட்ரோல் ஹேட்ச்பேக், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. கத்திரி வெயில் தொடங்கும் நேரம் பார்த்து ஏசி காற்று சூடாக வர ஆரம்பித்தது. மூன்று இடத்தில் விலை கேட்டார். எல்லாம் வரியோடு சேர்த்து:

கம்பெனி சர்வீஸ் சென்டர்: கம்ப்ரசர் (கேஸை அழுத்தும் பம்ப்) 17,800, கண்டன்சர் (காரின் முன்பக்கத்தில் கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) 5,600, கூலிங் காயில் 4,900, எக்ஸ்பான்ஷன் வால்வ் 1,300, கேஸும் ஆயிலும் 2,400, லேபர் 4,500, இதர வேலைகள் 1,900. மொத்தம் 38,400.

மல்ட்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப் (எல்லாக் கம்பெனி காரையும் பார்க்கிற இடம்): கம்ப்ரசரைக் கழற்றி ரீகண்டிஷன் பண்ணி, கண்டன்சரும் காயிலும் மாற்றி, கேஸ் ஏற்றி 21,500.

வீட்டுக்குப் பக்கத்து ஷெட்: "கேஸ் ஏத்திப் பாக்கலாம்ணா, 1,500 குடுங்க."

மேலோட்டமாகப் பார்த்தால் கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான், ஷெட்டுக்காரர் நல்லவர் என்று தோன்றும். என்னைக் கேட்டால் மூன்றில் மோசமான எஸ்டிமேட் அந்த 1,500தான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருப்பது. சில வாரத்திலோ மாதத்திலோ குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைப் பார்க்காமல் கேஸ் ஏற்றினால் அதுவும் காற்றோடு போகும். கூடவே ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, நன்றாக இருக்கும் கம்ப்ரசரும் ஒரு நாள் உராய்ந்து இறுகிவிடும்.

கம்பெனி எஸ்டிமேட்டுக்கு வருவோம். "கம்ப்ரசர் ஓடல சார், போயிடுச்சு" என்றார் சர்வீஸ் அட்வைசர். ஓடவில்லை என்பது உண்மைதான். ஆனால் கம்ப்ரசர் ஓடாமல் இருக்க அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேஸ் ரொம்பக் குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச், கம்ப்ரசரைக் காப்பாற்றுவதற்காகவே அதை ஓட விடாது. ரிலே போயிருக்கலாம், ஃப்யூஸ் போயிருக்கலாம், கம்ப்ரசரின் முன்பக்கத்துக் கிளட்ச் காயில் மட்டும் எரிந்திருக்கலாம். இதில் எது என்று ஜாப் கார்டில் எழுதவே இல்லை. கேஜ் (அழுத்தம் காட்டும் கருவி) மாட்டிப் பார்த்த அளவும் இல்லை. அறிகுறியை எழுதிவிட்டு நேராக விலைக்குப் போயிருந்தார்கள்.

கேஜ் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. நீலக் குழாய் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு அதிக அழுத்தப் பக்கம். கம்ப்ரசர் ஓடும்போது இரண்டுமே தாழ்ந்து கிடந்தால் கேஸ் இல்லை என்று முதல் சந்தேகம். நீலம் ஏறி, சிவப்பு ஏறாமல் நின்றால் கம்ப்ரசரால் அழுத்த முடியவில்லை என்று சந்தேகப்படலாம். பக்கத்தில் நின்று "முள் எங்க நிக்குது?" என்று கேட்கிற வாடிக்கையாளரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நான் சொல்லி மச்சான் நாலாவதாக, ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். முன் பம்பரின் கீழ் கிரில் வழியாக டார்ச் அடித்தபோது, கண்டன்சரின் கீழ் மூலையில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு எண்ணெய்க் கசிவு, அதன் மேல் அப்பிய புழுதி. அங்கே சோப்பு வைத்ததும் நுரை பொங்கியது. தினமும் ஹைவேயில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிற காருக்கு இது அதிசயமே இல்லை. கண்டன்சர் என்பது மெல்லிய அலுமினியம், தெறிக்கும் கல் நேராக அதன் மேல்தான் விழும். கண்டன்சர், கேஸ், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 7,400 ஆனது. பழைய கம்ப்ரசரே ஓடுகிறது.

இதை வைத்து 38,400 ஏமாற்று என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து இறுகி நின்றிருந்தால், உலோகத் தூள் ஆயிலோடு கலந்து எல்லாக் குழாய்க்குள்ளும் போயிருக்கும். இப்போதைய கண்டன்சர்களின் சன்னமான வழிகளை முழுசாகக் கழுவி எடுக்க முடியாது. கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் அதே தூள் புதியதையும் தின்றுவிடும். அந்த நிலைமையில் கம்ப்ரசர், கண்டன்சர், டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்), வால்வ் எல்லாம் சேர்த்து மாற்றச் சொல்வதுதான் சரியான வேலை. கூலிங் காயிலைக் கழுவலாமா மாற்றணுமா என்பது மட்டும்தான் பேச்சு. அப்போது 21,500க்கு ரீகண்டிஷன் என்ற மல்ட்டி பிராண்ட் யோசனைதான் தப்பாகிவிடும். கழற்றிய ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். கறுத்து, மினுக்மினுக்கென்று தூள் தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு கம்பெனி விலைக்குப் பக்கத்தில் எதையோ ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, நோய் ஒன்றே என்று தெரிந்த பிறகுதான் விலையை ஒப்பிட முடியும். அதன் பிறகு எஸ்டிமேட்டை வரி வரியாகப் பிரிக்கலாம்.

பாகங்களில் கம்பெனி ரொம்ப விளையாட முடியாது. பெட்டியில் எம்ஆர்பி அச்சிட்டிருக்கும், அதில் எல்லா வரியும் அடக்கம். எஸ்டிமேட்டில் அடிப்படை விலையும் ஜிஎஸ்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். எம்ஆர்பியைத் தாண்டினால் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே 18 சதவீதம்தான். முன்பு பல பாகங்களுக்கு 28 இருந்தது. பழைய விலைப்பட்டியலையே நீட்டினால் அதையும் சுட்டிக்காட்டுங்கள்.

உண்மையான வித்தியாசம், யார் பெட்டியில் வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. கார் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. மாருதிக்கு ஏசி பாகங்கள் கொடுப்பது சுப்ரோஸ். பிரேக் பாகங்கள் செய்து கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை நம் சோளிங்கரிலேயே இருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் பாகம் சொந்தப் பெட்டியில் வெளிக்கடைக்கு வரும்போது கார் கம்பெனி முத்திரை போட்ட பெட்டியைவிட விலை குறைவாகவே இருக்கும். மச்சான் போட்ட கண்டன்சர் அந்த வகை. சாதாரண டூப்ளிகேட் இதில் சேராது, அதைக் கையால் தொடவே வேண்டாம். கடைக்காரர் "ஒரிஜினல்தான்ணா" என்றால் பெட்டி, முத்திரை, பில் மூன்றும் கையில் வரட்டும்.

லேபரில்தான் கம்பெனிக்காரர்கள் சத்தமில்லாமல் ஏற்றுவது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிர்ணயக் கட்டணம் உண்டு, அதில் பிரச்சினை இல்லை. ஒரு முறை கழற்றுவதற்கு இரண்டு முறை பில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கூலிங் காயில் மாற்ற பல கார்களில் டாஷ்போர்டையே இறக்க வேண்டும், அதற்குக் கூலி அதிகம்தான். ஆனால் டாஷ்போர்டு இறங்கிய பிறகு பக்கத்திலேயே இருக்கும் புளோயரைத் துடைக்கத் தனிக் கட்டணம் எதற்கு? கிளட்ச் வேலையிலும் இதே கதை. கியர்பாக்ஸ் கீழே வந்துவிட்டால் ரிலீஸ் பேரிங்குக்குப் பாக விலை கொடுக்கலாம், தனி லேபர் கொடுக்கத் தேவையில்லை.

அந்த 1,900 ரூபாய் "இதர வேலைகள்" என்ன என்று பிரித்துக் கேட்டபோது ஏசி கிருமிநீக்கம், த்ரோட்டில் கிளீனிங், கன்சூமபிள்ஸ் என்று வந்தது. ஏசி குளிராததற்கும், இன்ஜினுக்குக் காற்று விடும் த்ரோட்டிலுக்கும் என்ன சம்பந்தம்? இந்த வகையறாவை வேண்டாம் என்று சொன்னால் உடனே பில்லிலிருந்து எடுத்துவிடுவார்கள், சண்டையே வராது. அடிப்பாகக் கோட்டிங்கும் இதே பட்டியலில் வரும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அதில் அர்த்தம் இருக்கிறது, பாலாறே வறண்டு கிடக்கும் நம் ஊரில் துருவுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. பேட்டரி சோதனைக்கு மட்டும் நான் சரி என்பேன், நம் வெயில் பேட்டரியைச் சீக்கிரமே தின்றுவிடும்.

எங்கே போவது என்று என்னைக் கேட்டால் என் கணக்கு இப்படி. வாரண்டி இருக்கும் வரை கம்பெனி, வேறு யோசனையே வேண்டாம். வெளியில் வேலை பார்த்ததற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) உத்தரவு போட்டது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடவில்லை என்று 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது. அது மேல்முறையீட்டுக்குப் போனது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையில் கவுண்டரில் நின்று வாதாடுவது நீங்கள்தான். ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) சம்பந்தப்பட்டதற்கும் கம்பெனிதான். விபத்து கிளெய்ம் என்றாலும் கேஷ்லெஸ் வசதிக்காக அங்கேயே போகலாம், தேய்மானக் கழிவு போக மீதியில் பெரும்பகுதியை இன்சூரன்ஸ்தானே கட்டப்போகிறது.

வாரண்டி முடிந்த காரின் கிளட்ச், சஸ்பென்ஷன், பிரேக் வேலைகளுக்கு நம்பிக்கையான ஷெட் போதும். கொணவட்டம் பக்கம் போனால் ஆள் கிடைக்காமல் இருக்காது. பாகத்தை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டு கூலி மட்டும் பேசிக்கொள்வது உத்தமம். ஏசிக்கு ஏசிக்காரர், அவ்வளவுதான். மல்ட்டி பிராண்ட் இடங்கள் பார்க்கப் பளிச்சென்று இருக்கின்றன, சோபாவும் காபியும் உண்டு. ஆனால் மெக்கானிக் யார் என்பது ஷிப்டுக்கு ஷிப்ட் மாறுகிறது. பெயிண்ட், டென்ட் வேலைக்கு மட்டும் அங்கே போவேன்.

சந்தேகம் தீரவில்லை என்றால் கம்பெனியிலேயே சோதனைக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு, என்ன குறை என்று ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை வெளியே எடுங்கள். அந்தக் காகிதத்தைக் காட்டி அடுத்த கடையில் விலை கேட்கலாம். வேலையைக் கொடுக்கிற இடத்தில் மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: கழற்றிய பழைய பாகம் டிக்கியில் இருக்க வேண்டும், எஸ்டிமேட்டைத் தாண்டும் எதற்கும் போன் பண்ண வேண்டும், போட்ட பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி என்று பில்லில் எழுத வேண்டும். பில் கையில் இருந்து, பேச்சில் தீராமல் போனால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனு போடக் கட்டணம் கிடையாது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பாகம் மலிவு என்று வண்டியைக் கிளப்புகிறவர்களும் உண்டு. கம்ப்ரசர் மாதிரி பெரிய பாகம் என்றால் சரி. ஐந்தாயிரம் ரூபாய்ப் பாகத்துக்கு வாலாஜா டோல், ஸ்ரீபெரும்புதூர் டோல், பெட்ரோல், ஒரு நாள் லீவு என்று கணக்குப் போட்டால் கையில் ஒன்றும் நிற்காது. தெரிந்த ஸ்பேர்ஸ் கடைக்காரரிடம் பாக நம்பரைக் கொடுத்து வரவழைத்துக்கொள்ளலாம்.