உறைப்புக் கூடின கறிக்கு முதற்பாலா, உருளைக்கிழங்கா?

இரணைமடுக் குளத்து விரால் கிடைத்த அன்று, புதுசாய் இடித்த கறித்தூளைப் பழைய அளவிலேயே அள்ளிப் போட்டுவிட்டேன். நாக்கில் வைக்க முடியாத உறைப்பு. "ரெண்டு கிழங்கை வெட்டிப் போடு பிள்ளை, உறைப்பை இழுத்துப்போடும்" என்றா மாமி. "தேங்காய் முதற்பால் விடுங்கோ" என்றா பக்கத்து வீட்டு அக்கா. வெந்த மீனை எடுத்து வைத்துவிட்டு, குழம்பை இரண்டு சட்டியில் பிரித்து இரண்டையும் செய்து பார்த்தேன்.

கிழங்கு உறைப்பை மட்டும் தேடி இழுப்பதில்லை. குழம்பை உப்போடும் புளியோடும் சேர்த்தே குடிக்கிறது. மிஞ்சினது தடித்ததே தவிர, உறைப்பு அப்படியே நின்றது. சாமான் கூடுவதால் ஒரு வாய்க்கு வரும் தூள் குறையும், அவ்வளவுதான்.

மிளகாயை உறைக்க வைக்கும் கப்சைசின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, கொழுப்பில் நன்றாய்க் கரையும். அதனால் மற்றச் சட்டியில் மேலே மிதந்த சிவப்பு எண்ணெயை முதலில் அகப்பையால் வழித்தேன். பிறகு விறகை வெளியே இழுத்துவிட்டு, அரை மூடித் தேங்காயின் கட்டியான முதற்பாலை ஊற்றினேன். கொதித்தால் பால் திரைந்துவிடும். சட்டி ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் மீனைப் போட்டு இறக்கிவிட வேணும். செங்கல் நிறம் பொன்னிறமாய் மாறியது, உறைப்பு தொண்டையை விட்டு இறங்கியது. தேசிக்காய்ப் புளி இறக்கின பிறகுதான்.

என் கை முதற்பாலுக்குத்தான் போகும். ஆனால் பால் விட்ட கறி வன்னி வெயிலில் கெதியாய்ப் பழுதாகிவிடும். வயலுக்குச் சோறு கட்டுகிற நாளில் மாமியின் கிழங்குதான்.